முந்நூற்று இருபது டிகிரி

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சமையலறைக் கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு. பால்காரர் வர இன்னும் நேரம் இருந்தது. அடுப்பு பற்றவைத்த வாசனை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாசனை, எரிந்த பிசின் வாசனை, கூடம்வரை வந்திருந்தது.

கதவைத் தள்ளினேன். என் மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் மேடையின் விளிம்பில் ஊன்றி, தோள்களை மேலே தூக்கி, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே முகத்தைக் கொண்டுபோக முயல்கிறவளைப் போல இருந்தாள். கழுத்தின் கீழ்ப்பள்ளம் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. மேடையில் ஓர் ஓட்டுத்துண்டின் மேல், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் கிடந்தது. அதன் முனையிலிருந்து நூல்போலப் புகை நேராக மேலே போய், சற்று முன்பு அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கலைந்தது.

நான் தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வர நேரம் பிடித்தது.

"தூசு," என்றாள்.

"எங்க தூசு?"

"காத்துல."

அயர்னின் பிளக்கை நான் பிடுங்கினேன். அவள் தடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையைத் தந்தது. அவள் வேலை செய்யும்போது யாராவது பிளக்கில் கைவைத்தால் சும்மா விடுகிறவள் இல்லை.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவள் நீண்ட காலம் வேலை பார்த்தாள். இயந்திரம் செய்து அனுப்பும் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் சரியாகப் பிடிக்காத ஜாயிண்டுகளைக் கையால் திருத்தும் பிரிவு. டச்-அப் என்பார்கள். நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னும் ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு சால்டரிங் ஸ்டேஷன். எங்கள் வீட்டுப் பக்கத்தில், ஜீவனஹள்ளி முனையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். நான் அப்போது ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தும் இரவுப் பணியில் இருந்தேன். அவள் பஸ் ஏறும் நேரமும் நான் வீடு திரும்பும் நேரமும் ஒன்று. வீட்டுச் சாவியைத் தெருவில் கைமாற்றிக்கொண்டே எங்கள் திருமண வாழ்க்கையின் பெரும்பகுதி போனது.

தொழிற்சாலை இடம் மாறியது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது எழுத்துக்குச் சரி. உண்மையில் அவளால் உட்கார முடியவில்லை. பாத்திரங்களை அளவுப்படி அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து சாதாரண சால்டரிங் அயர்ன் ஒன்றை வாங்கிவந்து, எங்கள் வீட்டுச் சம்ப்புக்கு, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு, ஒரு குருவி செய்தாள்.

குருவி என்று பெயர் வைத்தது தெரு. காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எத்தனை மணிக்கு என்பது வால்வு திறப்பவருக்கே நிச்சயமில்லை. வரும்போது விழித்திருந்து மோட்டார் போட்டால் உண்டு. தூங்கிவிட்டால் தண்ணீர் டாங்கர் லாரிக்குப் போன் செய்ய வேண்டியதுதான். அவள் செய்தது ஒரு சோப்புப்பெட்டி அளவு டப்பா. அதிலிருந்து இரண்டு ஸ்டீல் கம்பிகள் குழாய் வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டதும் டப்பா குருவியைப் போலக் கத்தும். எதிர்வீட்டுப் பெண்மணி முதலில் கேட்டார். பிறகு பக்கத்து வீடு, மூலைவீடு. இவள் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. ஒரு கிண்ணத்தில் ஏதாவது வரும். கிண்ணம் ஏதாவதோடு திரும்பிப் போகும். தண்ணீர் வரும் காலைகளில் எங்கள் தெருவில் வரிசையாகப் பல வீடுகளில் குருவி கத்துவதை நான் படுக்கையில் கிடந்து கேட்டிருக்கிறேன். அவள் அப்போது கண்ணை மூடியபடியே, "மூலைவீட்டுது ஒரு செகண்ட் லேட்டு," என்பாள்.

அந்தக் காலைக்குப் பிறகு வாரம் முழுவதும் அவளுக்கு இருமல் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வயதானவர், கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மறுபடி ஊதச் சொன்னார். பிறகு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். "எப்படிச் செய்வீங்க, காட்டுங்க," என்றார்.

அவள் அவருடைய மேசையிலிருந்த பேனாவை எடுத்து, பேப்பர்வெயிட்டை போர்டாக வைத்துக்கொண்டு குனிந்தாள். நான் அவளை வேலை செய்யும் நிலையில் அவ்வளவு நேர் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. குனிந்ததும் மூச்சை நிறுத்தினாள். விரல்கள் அசையவில்லை. பேனாமுனை கண்ணாடியைத் தொட்டு நின்றது. அவள் மனதுக்குள் ஈயம் உருகி, படர்ந்து, பளபளத்த கணத்தில் பேனாவை எடுத்தாள். எடுத்த அதே கணத்தில், தலையை நிமிர்த்தாமல், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். பிறகு அடுத்த ஜாயிண்ட்.

"ஃபேக்டரி லைன்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூச்சு விட்டா கை ஆடும் டாக்டர். போர்டு சின்னது. பார்ட்ஸோட கால் எல்லாம் மயிரு மாதிரி இருக்கும்."

"புகை மேல வர்ற நேரம் பார்த்துக் கரெக்டா இழுக்கறீங்கம்மா."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

அவர் விளக்கினார். புகைவது ஈயம் இல்லை. ஈயக்கம்பியின் நடுவில் ஓடுகிற மரப்பிசின். அது ஒருமுறை நெஞ்சுக்குப் பகையாகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுக்குழல் சுருங்கும். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். நாங்கள் எழுந்தபோது கன்னடத்துக்கு மாறி, எழுத்துக்கு எழுத்து தெளிவாகச் சொன்னார்: "ஹொகெ பேடாம்மா. ஸ்வல்பனூ பேடா."

புகை வேண்டாம். கொஞ்சம்கூட வேண்டாம். "ஆய்து டாக்டர்," என்று தலையாட்டினாள் அவள்.

படியிறங்கும்போது சொன்னாள்: "கொஞ்சம் கம்மி பண்ணிக்கச் சொல்றாரு."

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்கும் கன்னடம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். படிக்கட்டு முடியும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப கம்மி புகை வர்ற மாதிரி ஒண்ணு வாங்கணும்," என்றேன்.

அப்படித்தான் சால்டரிங் ஸ்டேஷன் தேடும் வேலை ஆரம்பமானது.

செய்திக்கு ஆதாரம் தேடுகிற பழக்கம் எனக்குப் போகவில்லை. போனில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விஷயம் சுருக்கமாக இதுதான். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண அயர்னுக்கு நிறுத்தம் கிடையாது. பிளக்கில் இருக்கும்வரை சூடேறிக்கொண்டே இருக்கும். சும்மா கிடக்கும்போது இன்னும் அதிகமாகச் சூடாகி, ஈயம் தொட்டதும் பிசினைப் பொசுக்கும். புகை அதனால்தான் அவ்வளவு. ஸ்டேஷன் என்பது ஒரு பெட்டி. அயர்னின் முனைக்குப் பின்னால் வெப்பத்தை அளக்கும் உணர்வி இருக்கும். நாம் வைக்கிற எண்ணில் பெட்டி சூட்டை நிறுத்திவைக்கும். தொழிற்சாலையில் ஈயம் கலக்காத கம்பி. அதற்கு முந்நூற்று எண்பது டிகிரி வைத்திருந்தார்களாம். வீட்டில் அவள் பயன்படுத்துவது பழைய ஈயக்கம்பி. முந்நூற்று இருபது போதும். சூடு குறைந்தால் புகை குறையும். இதை நான் பலமுறை படித்தேன். படித்த எதிலும் புகை இருக்காது என்று எழுதியிருக்கவில்லை.

நான் போனில் காட்டிய படங்களை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது பொம்மை. இதுக்கு வேற முனை, டிப்பு, கிடைக்காது. இதுல ஒயரு தடிப்பு, கையை இழுக்கும். இதுல எர்த் இல்ல, ரெண்டு பின்னு." என்னிடம் போனைத் திருப்பிக்கொடுத்தாள். "பாக்காம சேலை கூட வாங்கறதில்லீங்க. எஸ்.பி. ரோடு போலாம்."

போனோம். எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கான அந்தத் தெருவில், மாடியேறும் வழியெல்லாம் ஒயர்ச் சுருள்கள் தொங்கிய கடை. கடைக்காரர் ஒரே வாக்கியத்தை மூன்று மொழியில் ஆரம்பித்து நான்காவதில் முடிக்கிறவர். கல்லாவின் மேல் ஒரு பழைய போர்டை ஆணியடித்து வைத்திருந்தார். அந்தக் கடையின் வழக்கம் அது. ஸ்டேஷன் வாங்க வருகிறவர் அந்தப் போர்டில் ஒரு ஜாயிண்டாவது போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். படியிறங்கிவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார். போர்டு முழுக்க முன்பின் தெரியாதவர்களின் ஜாயிண்டுகள், உருண்டையாகவும் தட்டையாகவும் எரிந்தும்.

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் எங்களுக்குக் கட்டுப்படியாகக்கூடியவை. மூன்றாவது கொஞ்சம் இழுக்கும். முதல் பெட்டியில் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்ட திருகு மட்டும். அவள் அதைத் திருகிப் பார்த்து, "இது ஃபேன் ரெகுலேட்டர்," என்று ஓரமாகத் தள்ளினாள்.

"மேடம் லைன்ல இருந்தாங்களா?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"என்னையே கேளுங்க, வாய் இருக்கு," என்றாள்.

"மாஃப் கரோ மேடம். இது நோடி, இத பாருங்க." இரண்டாவதை முன்னால் நகர்த்தினார். திருகும் இருந்தது, சிவப்பு எண் காட்டும் சிறு திரையும் இருந்தது. இந்த வகைக்கு டிப் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். முந்நூற்று இருபதில் வைத்தார். சூடானதும் அவள் ஆணியடித்த போர்டின் மேல் குனிந்தாள்.

மருத்துவர் அறையில் பார்த்ததையே இப்போது நிஜ ஈயத்தோடு பார்த்தேன். மூச்சை நிறுத்தினாள். முனை தொட்டது. ஈயம் உருகியது, ஆனால் படர நேரம் எடுத்தது. அவள் கழுத்தின் கீழ்ப்பள்ளம் துடித்தது. இன்னும் படரவில்லை. உதடு திறந்துவிட்டது, அயர்னை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பி இருமினாள். கடைக்காரர் அவசரமாக மேசை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். போர்டில் அவள் போட்ட ஜாயிண்ட் சாம்பல் நிறத்தில் நின்றது.

"சூடு பத்தல," என்றாள்.

"மேடம், அது போதும் மேடம். எல்லாரும் அதுலதான்..."

அவள் திருகைத் திருப்பினாள். திரையில் எண்கள் ஏறின. முந்நூற்று எண்பதில் நிறுத்தினாள். குனிந்தாள், தொட்டாள், எடுத்தாள். பாதி மூச்சுக்குள் முடிந்துவிட்டது. பளபளவென்று ஒரு சின்னக் குன்றுபோல நின்றது ஜாயிண்ட். அதற்கு மேல் புகை முன்னைவிடத் தடிப்பாக எழுந்தது.

"வாஹ்," என்றார் கடைக்காரர்.

"சூடு கம்மின்னா நேரம் ஜாஸ்தி," என்று அவள் என்னிடம் சொன்னாள், கண்ணைப் பார்க்காமல். "அவ்ளோ நேரம் மூச்சு புடிக்க முடியல இப்ப."

அப்போதுதான் கணக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது. மூச்சு குறைந்ததால் அவளுக்குச் சூடு அதிகம் வேண்டும். சூடு அதிகமானால் புகை அதிகம். புகை அதிகமானால் மூச்சு இன்னும் குறையும்.

மூன்றாவது பெட்டியைக் காட்டச் சொன்னேன். அதில் முனையும் சூடாக்கியும் ஒரே துண்டாக வரும். கைப்பிடி பேனா அளவு. ஸ்டாண்டில் வைத்ததும் தானாகச் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். முந்நூற்று இருபதிலேயே அவள் போட்டுப் பார்த்தாள். ஈயம் சட்டென்று படர்ந்தது. இருமவில்லை. புருவத்தை உயர்த்தி அயர்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்லையே," என்றாள். அவள் ஒரு பொருளைப் பற்றி அதற்கு மேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. "சூட்டை லாக் பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? கோட் போட்டுட்டா யாரும் மாத்த முடியாது சார்."

அவள் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள்.

"வீட்டுக்கும் லைன் லீடர் வந்தாச்சா?" என்றாள்.

தொழிற்சாலையில் ஸ்டேஷன்களின் சூட்டை மாற்றும் அட்டை லைன் லீடரிடம் மட்டுமே இருக்கும் என்று அவள் முன்பு சொல்லியிருக்கிறாள். அத்தனை ஆண்டுகள் அவள் கையில் இருந்த அயர்ன் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். குளிர்காலத்தில் போர்டு விறைத்துப்போய் ஈயம் பிடிக்காதபோது, அவர் வரும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்களாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே போக அனுமதி கேட்பதைப் போல.

"அதுக்கில்ல. உன் நெஞ்சுக்காகத்தான்," என்றேன்.

"என் நெஞ்சு என்கிட்டதான இருக்கு? உங்க பாக்கெட்டுலயா இருக்கு?"

கடைக்காரர் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "லாக் போட்டாலும் மேடம் தொறந்துடுவாங்க சார். கோட் என்னா போடுவீங்க? கல்யாண நாளு. எல்லா சாரும் அதான் போடறாங்க."

"இவருக்கு அது ஞாபகம் இருந்தாத்தான?" என்றாள் அவள். கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, "இத கட்டுங்க," என்றாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் கழித்து, நான் கேட்காமலே, "அந்தப் பேனா மாதிரி இருந்ததுக்கு டிப்பு விலை ஜாஸ்தி," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "முந்நூத்தி இருவது தாண்டமாட்டேன். போதுமா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் திருகை முந்நூற்று இருபதில் வைத்து, பெட்டியின் முகப்பில் அந்த இடத்தில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சின்ன விசிறியை ஜன்னலில் பொருத்தினாள்; அது புகையை இழுத்துத் தெருப்பக்கம் தள்ளியது. முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு வேலை செய்யப் பழகினாள். ஒரு ஜாயிண்ட் போட்டதும் எழுந்துபோய் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு வருவாள். ஒரு குருவி செய்ய முன்பு ஒரு மதியம் போதும். இப்போது மூன்று நாள் ஆனது. இருமல் குறைந்தது. ஜன்னல் திண்டில் இருந்த இன்ஹேலரின் மேல் தூசி படிய ஆரம்பித்தது. நான் காலையில் எழுந்ததும் முதலில் சமையலறைக்குப் போய்ப் புள்ளியையும் திருகையும் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஒருநாள், "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா, காபி போடலாமா?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டுக் குருவி பழையதாகிவிட்டது என்று அந்த நாட்களில்தான் புதிதாக ஒன்று செய்துகொடுத்தாள்.

எதிர்வீட்டுப் பெண்மணி மூன்று குடித்தனங்களுக்குப் பொதுவான சம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவர். தண்ணீர் வந்ததும் மோட்டார் போட்டு மற்ற இரண்டு வீடுகளையும் எழுப்புவது அவர் பொறுப்பு. சில வாரங்கள் கழித்து ஒரு காலை, எங்கள் வீட்டுக் குருவி கத்தி, நாங்கள் நிரப்பி முடித்து வெகுநேரமான பிறகு, அவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, உன் குருவி கூண்டுலயே செத்துக் கெடக்குது."

"கத்தலியா?"

"கத்தியிருந்தா நான் ஏன் இங்க நிக்கறேன்? தண்ணி வந்துட்டுப் போயே போச்சு. மேல்வீட்டுக்காரன் பல்லு வெளக்காம நின்னு என்னைத் திட்டறான். அவன் வாய் நாறுதுன்னு மூக்கப் பொத்திக்கறதா, தண்ணி இல்லன்னு அழறதா?" சொல்லிவிட்டு என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார். "அய்ய, விடுக்கா. டாங்கருக்குச் சொல்லியாச்சு. குருவின்னா ஒருநாள் ஜுரம் வராதா?"

என் மனைவி டப்பாவை வாங்கி, மேடையில் வைத்துத் திறந்தாள். பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். ஸ்டீல் கம்பி வந்து சேருகிற இடத்தில், தடித்த ஜாயிண்ட் ஒன்று. சாம்பல் நிறம், ஓரத்தில் முடிபோல ஒரு வெடிப்பு. விரல்நுனியால் கம்பியை அசைத்தாள். அது ஆடியது. ஈயம் முழுதாகப் படரும் முன்பே எடுக்கப்பட்ட ஜாயிண்ட். கடைக்காரரின் போர்டில் முதலில் போட்டாளே, அதைப் போல.

எதிர்வீட்டுப் பெண்மணி போன பிறகும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தையல் டப்பாவைத் திறந்து, ஒரு சுருளை எடுத்தாள். சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். லைனில் குறை உள்ள ஜாயிண்டைக் காட்ட ஒட்டுவது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஓர் அம்பைப் பிய்த்து, முனை அந்தச் சாம்பல் ஜாயிண்டைத் தொடும்படி போர்டில் ஒட்டினாள்.

"என் டேபிள்லருந்து போன ஒரு போர்டுகூட இது ஒட்டித் திரும்பி வந்ததில்ல," என்றாள்.

மாலையில் நான் பேச்சை எடுத்தேன். "டாக்டர் சொன்னது கொஞ்சம் கம்மி பண்ணிக்கன்னு இல்ல."

"எனக்குத் தெரியும்."

"விட்டுடலாமே."

"விட்டுட்டு?"

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"நீங்க ரிட்டயர் ஆனீங்க. இன்னும் காலைல பேப்பர் வந்தா சிவப்புப் பேனாவைத் தேடிக்கிட்டுத்தான உக்கார்றீங்க? நான் புடுங்கினேனா?"

"பேனா புகை விடாது."

"ஆமா. உங்க அதிர்ஷ்டம்." எழுந்துபோய் ஜன்னல் விசிறியைத் துடைத்தாள். அதில் பிசின் படிந்து பழுப்பாகியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போச்சு. அதான் தாங்கல. திட்டியிருந்தாக்கூட பரவால்ல."

எதிர்வீட்டு டப்பா அன்று இரவு மேடையிலேயே திறந்து கிடந்தது, அம்போடு. மறுநாள் முழுவதும் அப்படியே கிடந்தது. அவள் அதன் பக்கம் போகவில்லை. அரிசி களைந்தாள், துணி மடித்தாள், போனில் தங்கையோடு பேசினாள். நான் விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த தண்ணீர் நாள். விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டுக் குருவி கத்தியது. அது அடங்குவதற்குள் எதிர்வீட்டிலிருந்தும் ஒன்று கத்தியது. எதிர்வீட்டில் விளக்கு போட்டார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியது. தெருவில் அந்தப் பெண்மணியின் குரல், "உயிர் வந்துடுச்சு அக்கா!" என்றது. என் மனைவியின் குரல் ஏதோ சொன்னது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே ஒரு குரல் இருமலாக மாறி, நின்று, மறுபடி சிரித்தது.

படுக்கையில் அவள் பக்கம் சில்லென்று இருந்தது. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். ஜன்னல் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் எதிர்வீட்டு டப்பா இல்லை. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் மட்டும் ஓட்டுத்துண்டின் மேல் ஒட்டியிருந்தது. இன்ஹேலரின் மூடி தனியாகக் கிடந்தது. அயர்ன் ஸ்டாண்டில் இருந்தது. பெட்டியை அணைக்காமலே வெளியே போயிருந்தாள். திரையில் 380 என்று இருந்தது.